உள்ளே பார்த்துத் தொங்கும் பலகை

சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு பழைய மருந்துக்கடை இருக்கிறது. பெயர் ஹூச்சிங்யூதாங். ஹு சுயேயான் என்ற பெருவணிகர் 1874இல் தொடங்கிய கடை. அதன் பெரிய கூடத்தில் தொங்கும் பலகைகள் வாசலைப் பார்த்திருக்கின்றன. மருந்து வாங்க வருபவர் அண்ணாந்து படிக்க வேண்டும் என்பதற்காக எழுதியவை அவை. சரக்கு உண்மையானது, விலை ஒன்றே என்கிறது அவற்றுள் ஒன்று. ஒரு பலகை மட்டும் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்குள் பார்க்கிறது. அதில் பெரிதாக இரண்டே எழுத்துகள். 'ஏமாற்றாதே' என்று அதற்குப் பொருள். கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கம்: மருந்து உயிரோடு தொடர்புடையது, அதில் மட்டமான சரக்கைக் கலந்து கொள்ளை லாபம் பார்க்கக் கூடாது. 1878இல் ஹு எழுதிய வாசகம் இது. கணக்கு எழுதுபவர், வேர் நறுக்குபவர், பொட்டலம் கட்டுபவர், மேலாளர் ஆகியோர் நிமிர்ந்தால் கண்ணில் படும்படி அதை மாட்டியிருக்கிறார்கள்.

ஹு சுயேயானின் வாழ்க்கை அப்பழுக்கற்றது அல்ல. பட்டுச் சந்தையில் அளவுக்கு மீறிப் பணத்தை இறக்கினார். 1883இல் அவருடைய வங்கித் தொழில் கவிழ்ந்தது. 1885இல் எல்லாம் இழந்து இறந்தார். கடை மட்டும் நின்றது, பலகையும் நின்றது.

வணிக அறத்தை உயர்கல்வியில் கற்பிப்பது பற்றிய இந்த உரைக்கு அந்தக் கூடம்தான் வாசல். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சீனப் பல்கலைக்கழகங்களும் இன்று வணிக அறத்தைப் பாடமாக வைத்திருக்கின்றன. நூல்கள் உண்டு, தேர்வுகள் உண்டு, தரச்சான்றுகள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தப் பாடம் எந்தப் பக்கம் பார்த்துத் தொங்குகிறது?

*இரண்டு நாடுகள், ஒரே ஆண்டு*

2001இல் சீனப் பிரதமராக இருந்தவர் ஜூ ரோங்ஜி. எங்கே போனாலும் வாசகம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது சீனத் தலைவர்களின் வழக்கம். அவர் அதைத் தவிர்த்து வந்தவர். அந்த ஆண்டு ஏப்ரலில் ஷாங்காயின் தேசியக் கணக்கியல் கல்லூரிக்குப் போனபோது தம் வழக்கத்தை விட்டுக்கொடுத்தார். அவர் எழுதித் தந்தவை நான்கு எழுத்துகள். 'பொய்க்கணக்கு எழுதாதே' என்பது அவற்றின் பொருள். ஒரு கல்லூரியின் குறிக்கோள் வாசகம் இவ்வளவு கீழே இறங்கி வருவது அபூர்வம். ஆனால் அவர் தெரிந்துதான் எழுதினார். 1984 முதல் 2001 வரை சிங்குவா பல்கலைக்கழகத்தின் பொருளியல், மேலாண்மைப் பள்ளிக்குத் தலைவராகவும் இருந்தவர் அவர். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று அவருக்குத் தெரியும்.

நான்கே மாதத்தில், ஆகஸ்டில், 'சாய்ஜிங்' இதழ் யின்குவாங்ஷியா என்ற நிறுவனத்தின் கதையை வெளியிட்டது. பங்குச்சந்தையின் செல்லப்பிள்ளையாக இருந்த அந்நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் காட்டியிருந்த லாபத்தில் 70 கோடி யுவானுக்கும் மேல் கட்டுக்கதை. தாளில் இருந்த ஏற்றுமதி துறைமுகத்தில் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் கணக்கு மோசடி அம்பலமாகித் திவாலானது. முந்தைய ஆண்டு ஜூலையில்தான் அந்நிறுவனம் ஊழியர்களுக்கு 64 பக்க அறநெறிக் கையேடு கொடுத்திருந்தது. மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், உன்னதம் என்ற நான்கும் நிறுவனத்தின் விழுமியங்கள் என்று அறிவித்திருந்தது. அந்தக் கையேட்டின் படி ஒன்றை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. என்ரானின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் 1979இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்தவர், அதுவும் வகுப்பின் முன்வரிசையில்.

ஒரு நாட்டில் பிரதமரே எழுதித் தந்த வாசகம். இன்னொரு நாட்டில் வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு. இரண்டும் வெளியே பார்த்துத் தொங்கிய பலகைகள்.

*மேற்கின் வகுப்பறை*

மேலைநாட்டு வணிகப் பள்ளிகளின் தொட்டிலிலேயே அறம் என்ற பேச்சு இருந்தது. பென்சில்வேனியாவில் வார்ட்டன் பள்ளி 1881இல் தொடங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் வந்தது. கண்ணியமான லாபத்தைக் கண்ணியமான வழியில் ஈட்டுவதே வணிகம் என்று விளக்கம் தந்தவர் அதன் முதல் தலைவர் எட்வின் கே. மருத்துவர், வழக்கறிஞர் வரிசையில் மேலாளரையும் தொழில்தர்மம் உடையவராக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் கனவு.

கனவின் திசை 1959இல் மாறியது. ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி அமைப்பும் ஆளுக்கோர் அறிக்கை வெளியிட்டன. வணிகப் பள்ளிகளின் படிப்பு மேலோட்டமானது, ஆய்வு இல்லை, கணிதம் இல்லை என்று இரண்டும் சாடின. பள்ளிகள் விழித்துக்கொண்டன. பொருளியலும் புள்ளியியலும் உள்ளே வந்தன. தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் எண்ணில் அடங்காத கேள்விகள் ஓரத்துக்குப் போயின. 1970 செப்டம்பரில் மில்டன் ஃபிரீட்மன் 'நியூயார்க் டைம்ஸ்' வார இதழில் எழுதிய கட்டுரை, லாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்றது. மோசடியும் வஞ்சகமும் இல்லாமல், ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று என்று அவர் ஒரு வேலியும் போட்டிருந்தார். காலப்போக்கில் மேற்கோள் நின்றது, வேலி காணாமல் போனது.

அதன்பின் ஊழல் வெடிக்கும், உடனே ஒரு பாடம் பிறக்கும் என்பதே வழக்கமாகிவிட்டது. 1970களில் வாட்டர்கேட் அரசியல் ஊழலும் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் லஞ்ச விவகாரமும் வந்தன. 1976இல் பென்ட்லி கல்லூரியில் வணிக அற மையம் தோன்றியது, 1982இல் 'ஜர்னல் ஆஃப் பிசினஸ் எதிக்ஸ்' என்ற ஆய்விதழ். 1980களின் நடுவில் வால் ஸ்ட்ரீட்டில் உள்தகவல் வணிகம் அம்பலமானது. 1987இல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவர் ஜான் ஷாட், அறக்கல்விக்காக ஹார்வர்டுக்கு சுமார் 2 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். என்ரான் விழுந்தது. 2004இல் ஹார்வர்டில் தலைமையும் நிறுவனப் பொறுப்பும் பற்றிய பாடம் எல்லா எம்.பி.ஏ. மாணவர்க்கும் கட்டாயமானது. 2008இல் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. 2009இல் ஹார்வர்டு மாணவர்களே கூடி எம்.பி.ஏ. உறுதிமொழி ஒன்றை எழுதினார்கள். அந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

இந்த ஓட்டத்தை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டவர் கொல்கத்தாவில் பிறந்து லண்டன் வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த சுமந்திரா கோஷல். 2004இல் அவர் இறந்தார். மறு ஆண்டு அச்சில் வந்த கட்டுரையில் அவர் சொன்னது கசப்பானது. அறப் பாடத்தைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை, மற்றப் பாடங்கள் என்ன கற்பிக்கின்றன என்று பாருங்கள் என்றார். மனிதன் தன்னலமே உருவானவன், மேலாளரைக் கண்காணிக்காவிட்டால் முதலாளியின் பணத்தைச் சுருட்டுவார் என்ற அனுமானத்தின் மேல்தான் நிதியியலும் நிறுவனவியலும் எழுந்து நிற்கின்றன. காலையில் அறம், மாலையில் இந்த அனுமானம். மாணவர் எதைத் தம் சுபாவமாக்கிக்கொள்வார்? முகப்பில் கோபுரம் எழுப்பிவிட்டு அடித்தளத்தை அப்படியே விட்டுவிட்டோம் என்பதுதான் கோஷலின் ஆதங்கம்.

*எரிந்த காரின் முன் நின்றவர்*

மேலை வகுப்பறைகளில் அதிகம் பேசப்படும் உதாரணங்களில் ஒன்று ஃபோர்டு நிறுவனத்தின் பின்டோ கார். 2,000 டாலர் விலை, 2,000 பவுண்டு எடை என்ற இலக்கோடு 1970இல் சந்தைக்கு வந்தது. பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. பின்புறம் மோதினால் தொட்டி கிழிந்து தீப்பிடிக்கும் ஆபத்து. வகுப்பில் இதைச் சொன்னதும் மாணவர்கள் கொதிப்பார்கள். செலவுக் கணக்கு போட்டு உயிரை எடைபோட்டவர்கள் எவ்வளவு கொடியவர்கள் என்று பேசுவார்கள். மணி அடிக்கும். எல்லாரும் தாம் நல்லவர் என்ற நிம்மதியோடு கலைவார்கள்.

அந்த நிம்மதியைக் கலைத்தவர் டென்னிஸ் ஜியோயா. பொறியியலும் எம்.பி.ஏ.யும் படித்தவர். மாணவப் பருவத்தில் பெருநிறுவனங்களைக் கடுமையாக விமர்சித்தவர். உள்ளே போய்த் திருத்தலாம் என்ற எண்ணத்தோடு 1972இல் ஃபோர்டில் சேர்ந்தார். மறு ஆண்டு, குறையுள்ள கார்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் பிரிவின் ஒருங்கிணைப்பாளரானார். மேசையில் கோப்புகள் குவிந்தன. ஒவ்வொரு கோப்பிலும் விபத்து, ஒவ்வொரு விபத்திலும் யாரோ ஒருவர். எல்லாவற்றுக்கும் உருகினால் வேலை நடக்காது. ஆகவே மனம் ஒரு குறுக்குவழி கண்டது. ஒரே மாதிரி விபத்துகள் போதிய எண்ணிக்கையில் வந்திருக்கின்றனவா, காரணம் தெளிவா என்று மட்டும் பார்ப்பது, இல்லையென்றால் அடுத்த கோப்புக்குப் போவது.

பழுதான பாகங்களை வைத்திருக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. அதைக் 'கொடூரங்களின் அறை' என்று அங்கு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அங்கே ஒருநாள் எரிந்துபோன ஒரு பின்டோவை அவர் பார்த்தார். உலோகம் நெளிந்து, உள்ளிருந்த பிளாஸ்டிக் உருகி, கரிக்கட்டையாக நின்றது கார். அடிவயிறு கலங்கியது என்று பிறகு எழுதினார். விவகாரத்தைக் குழுவின் முன் கொண்டுபோனார். விவாதம் முடிந்து வாக்கெடுத்தபோது, திரும்பப் பெற வேண்டாம் என்ற பக்கமே அவரும் கை தூக்கினார்.

1975இல் ஃபோர்டை விட்டு விலகி, பிறகு பேராசிரியரானார். 1978இல் ஃபோர்டு 15 லட்சம் கார்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. 1992இல் ஜியோயா தம் பங்கை மறைக்காமல் ஒரு கட்டுரை எழுதினார். ஃபோர்டுக்குப் போவதற்கு முன் கேட்டிருந்தால், கார்களைத் திரும்பப் பெறுவதே கடமை என்றிருப்பார். விலகிய பிறகும் அதையே சொல்கிறார், வகுப்பில் அதையே கற்பிக்கிறார். உள்ளே இருந்த அந்த ஆண்டுகளில் மட்டும் அப்படி ஒரு கடமை இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

வணிக அறம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டிய வாக்குமூலம் இது. அவருக்கு அறம் தெரியாமல் இல்லை. தெரிந்த அறம் மேசைக்கு வரவில்லை. மேலை வகுப்பறை, தனி மனிதர் ஒருவரைத் தனி அறையில் உட்காரவைத்து, எது சரி என்று யோசிக்கச் சொல்கிறது. நிஜ அலுவலகத்தில் யாரும் தனியாக இல்லை. கோப்பு, கெடு, மேலதிகாரி, பழக்கம் எல்லாம் கூடவே உட்கார்ந்திருக்கின்றன.

*சீனத்தின் வகுப்பறை*

சீனத்தில் அறம் பற்றிய பேச்சு உறவிலிருந்து தொடங்குகிறது. 'எதிக்ஸ்' என்பதற்கு அங்கே வழங்கும் சொல் 'லுன்லி'. அதில் வரும் 'லுன்' மனித உறவுகளின் ஒழுங்கைக் குறிப்பது. அரசன் குடி, தந்தை மகன், கணவன் மனைவி, மூத்தோர் இளையோர், நண்பர் நண்பர் என்று உறவுகள் ஐந்து. ஒவ்வோர் உறவுக்கும் உரிய கடமை உண்டு. லாபம் பற்றிய ஐயமும் பழையது. லியாங் நாட்டு மன்னன் ஹூய், தொலைவிலிருந்து வந்த மென்சியஸிடம், என் நாட்டுக்கு என்ன லாபம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டான். லாபத்தை ஏன் பேச வேண்டும், அன்பும் நியாயமும் போதாதா என்று திருப்பிக் கேட்டார் அந்த ஞானி. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நியாயமா லாபமா என்ற அந்த விவாதம் சீன நூல்களில் தொடர்கிறது. இரண்டையும் இணைத்து வாழ்ந்த வணிகர்களுக்குக் 'கன்ஃபூசிய வணிகர்' என்று பெயரே உண்டு.

ஐந்து உறவுகளில் ஒருவருக்கு மட்டும் இடமில்லை. முன்பின் தெரியாத வாடிக்கையாளர் அவர். சமூகவியலாளர் ஃபெய் ஷியாவ்தோங் 1940களின் இறுதியில் ஒரு படிமம் தந்தார். குளத்தில் கல் எறிந்தால் வளையங்கள் விரிவதுபோல, ஒவ்வொருவரும் தம்மை நடுவில் வைத்து உறவு வளையங்களைக் காண்கிறார்கள். தூரம் போகப்போக வளையம் மங்குகிறது, கடமையும் மங்குகிறது. தைவானின் பொருளாதார வளர்ச்சியை வடிவமைத்தவர்களில் ஒருவரான லி குவோடிங் 1981இல் இதற்கு ஒரு மருந்து சொன்னார். ஐந்தோடு ஆறாவதாக ஓர் உறவைச் சேர்க்க வேண்டும், நமக்கும் பெயர் தெரியாத பொதுமக்களுக்கும் உள்ள உறவு. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால், கலப்பட எண்ணெய் சந்தைக்குப் போனால், அடிபடுவது அந்த ஆறாவது உறவுதான்.

சீன மக்கள் குடியரசில் எம்.பி.ஏ. படிப்பு 1991இல் ஒன்பது பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை நடத்துகின்றன. 1994இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு ஷாங்காயில் சீன ஐரோப்பிய சர்வதேச வணிகப் பள்ளி வந்தது. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலனிலும் பிறகு அமெரிக்காவின் நாட்டர்டேமிலும் பணியாற்றிய ஜார்ஜ் எண்டர்லே போன்றவர்கள் அங்கே போய் வணிக அறம் கற்பித்தார்கள். மேலை நூல்கள் மொழிபெயர்ப்பாகின. சீனப் பேராசிரியர்கள் தம் நாட்டு நிறுவனங்களைக் கொண்டே பாடம் எழுதத் தொடங்கினார்கள்.

எம்.பி.ஏ.வுக்கு வரும் மாணவருக்கு அறப் பாடம் புதிதும் அல்ல. சீனாவில் எந்த இளங்கலைப் படிப்பானாலும் ஒழுக்கமும் சட்டமும் பற்றிய கட்டாயப் பாடம் உண்டு, மார்க்சியப் பாடங்களும் உண்டு. 2020இல் கல்வி அமைச்சகம் ஒரு படி மேலே போனது. ஒழுக்கக் கல்வியைத் தனிப் பாடத்தோடு நிறுத்தாமல் எல்லாப் பாடங்களிலும் கலக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கணக்கியல் ஆசிரியரும் சந்தையியல் ஆசிரியரும் தம் பாடத்துக்குள்ளேயே நேர்மையையும் பொதுநலத்தையும் கற்பிக்க வேண்டும். கோஷலின் ஆதங்கத்துக்கு இதைவிட நேரடியான பதிலை எந்த நாடும் தந்ததில்லை. மேலைநாட்டார் கவனிக்க வேண்டிய முயற்சி இது.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. விடை மேலிருந்து எழுதி வருகிறது. விடை முன்பே தெரிந்த பாடத்தில் மாணவர் விடையை மனப்பாடம் செய்வார், கேள்வி கேட்கப் பழகமாட்டார். தவறு செய்வது தனியார் முதலாளி என்றால் வகுப்பில் பேசலாம். அவருக்குக் குடை பிடிப்பது உள்ளூர் நிர்வாகம் என்றால் பேச்சு தடுமாறும். வகுப்பறையே செல்வாக்குச் சந்தையாவதும் நடந்தது. உயர்நிலை அலுவலர்களுக்கான விலையுயர்ந்த எம்.பி.ஏ. வகுப்புகளில் அரசு அதிகாரிகளும் தொழிலதிபர்களும் அருகருகே அமர்ந்து பழக்கம் பிடிப்பது பெருகியது. 2014இல் கட்சித் தலைமையே தலையிட்டு அதிகாரிகள் அத்தகைய வகுப்புகளில் சேரத் தடை விதித்தது.

கற்பிப்பவர்களும் தப்பவில்லை. காங்மெய் என்ற மூலிகை மருந்து நிறுவனம் தன் கணக்கில் ஏறத்தாழ 3,000 கோடி யுவான் ரொக்கம் கூடுதலாகக் காட்டியது அம்பலமானது. 2021 நவம்பரில் குவாங்சோ நீதிமன்றம் முதலீட்டாளர்களுக்கு 245.9 கோடி யுவான் இழப்பீடு தரச் சொன்னது. அறிக்கைகளில் கையெழுத்திட்ட ஐந்து சுயேச்சை இயக்குநர்களும் அதில் 5 முதல் 10 விழுக்காடு வரை பொறுப்பேற்க வேண்டும் என்றது. அவர்களுள் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் இருந்தார்கள். தீர்ப்பு வந்ததும் சீனா எங்கும் சுயேச்சை இயக்குநர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள்.

*ஒரே மேசையில் இருவரும்*

மேற்கு, சீனம் என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்துப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது, தவறு எப்போதும் மற்றப் பெட்டியில் இருக்கும். அந்த வசதியை நடப்பு அனுமதிப்பதில்லை. நெறிக் கையேடுகளுக்குப் பேர்போன பிரிட்டனின் கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனத்துக்கு, மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் லஞ்சம் தந்ததற்காக, 2014இல் சாங்ஷா நீதிமன்றம் 300 கோடி யுவான் அபராதம் விதித்தது. 2008இல் ஜெர்மனியின் சீமென்ஸ் பல நாடுகளில் கொடுத்த லஞ்சத்துக்காக அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாகச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது.

இரண்டு மரபுகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஒன்றாகத் தோற்ற நிகழ்ச்சி சான்லு. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஷிஜியாசுவாங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பால்மாவு நிறுவனம். தலைவர் தியான் வென்ஹுவா. 43 விழுக்காடு பங்கு நியூசிலாந்தின் ஃபோன்டெரா கூட்டுறவு நிறுவனத்துடையது. இயக்குநர் குழுவில் அதன் ஆட்களும் உண்டு.

பாலில் நடந்த தந்திரம் எளிது. தண்ணீர் கலந்தால் பாலின் புரதம் குறையும். ஆனால் ஆலைகளில் வழக்கமாகச் செய்யும் சோதனை புரதத்தை நேரே அளப்பதில்லை. டென்மார்க்கின் யோகான் கெல்டால் 1883இல் கண்ட முறை அது. பாலிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவார்கள். மெலமின் என்ற பிளாஸ்டிக் தொழில் இரசாயனத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கைப்பிடி கலந்தால் தண்ணீர்ப் பாலும் தேர்வில் தேறிவிடும். தேர்வில் தேறிய பால் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல்லாக உறைந்தது.

2008 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆய்வக முடிவு சான்லுவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் இயக்குநர் குழுவுக்கும் தெரிந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்க ஆறு நாள் இருந்தது. பொதுமக்களை எச்சரித்துப் பொருளைத் திரும்பப் பெற வேண்டும் என்று தாங்கள் வற்புறுத்தியதாக ஃபோன்டெரா பின்னர் சொன்னது. ஆனால் அதுவும் மக்களிடம் பேசவில்லை. கடைகளிலிருந்து சத்தமில்லாமல் சரக்கு விலக்கப்பட்டது. நகர நிர்வாகம் விஷயத்தை மேலே அனுப்பாமல் வைத்திருந்தது. ஆகஸ்ட் 2க்கும் செப்டம்பர் 12க்கும் இடையே மெலமின் கலந்த குழந்தைப் பால்மாவை மேலும் 904 டன் தயாரித்த சான்லு, அதில் 813 டன்னை விற்றது. ஐரோப்பாவில் அனுமதிக்கப்படும் மெலமின் அளவு பற்றிய ஒரு தாளை ஃபோன்டெராவின் இயக்குநர் ஒருவர் தந்தார், அதை நம்பித்தான் விற்றோம் என்று தியான் நீதிமன்றத்தில் சொன்னார். ஃபோன்டெரா அதை மறுத்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க்குக்குச் செய்தி எட்டியது. உள்ளூர் அதிகாரிகளைத் தாண்டி நேரே பெய்ஜிங்கிடம் சொல்லும்படி அவர் உத்தரவிட்டார். சீனப் பத்திரிகைகள் அதுவரை 'ஒரு பால்மாவு நிறுவனம்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 11ஆம் தேதி ஷாங்காயின் 'தோங்ஃபாங் சாவ்பாவ்' நாளிதழில் ஜியான் குவாங்சோ என்ற நிருபர் சான்லுவின் பெயரைப் போட்டு எழுதினார். அன்றிரவே நிறுவனம் பொருளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். தியானுக்கு ஆயுள் தண்டனை. மெலமின் கலவை தயாரித்தும் கலந்தும் விற்ற இருவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

அந்த மேசையில் அமர்ந்தவர்கள் அறம் கேள்விப்படாதவர்கள் அல்லர். ஒருவருக்கு நிறுவனக் கையேடு தெரியும், ஒருவருக்குக் கட்சியின் ஒழுக்க நெறி தெரியும். குழந்தைக்கு நஞ்சு கொடுக்கக் கூடாது என்பதில் இரண்டு மரபுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தெரிந்ததை உரக்கச் சொல்லி, சொன்னதில் நிற்கும் பயிற்சிதான் யாரிடமும் இல்லை.

*இடித்துரைக்கப் பழகுதல்*

இந்தக் குறையைத் தொட்டவர் மேரி ஜென்டில். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பத்தாண்டு அறக்கல்வியில் உழைத்தவர். பிறகு அந்த முறையிலேயே ஐயம் கொண்டு விலகினார். எது சரி என்ற விவாதத்தை அவர் ஓரம் வைத்தார். சரி எது என்று உனக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள், அதை நடத்திக்காட்ட யாரிடம், எப்போது, என்ன சொல்வாய் என்று கேட்டார். 2010இல் நூலாக வந்த அவருடைய முறை இன்று பல நாட்டு வகுப்பறைகளில் புழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காத்தவர்களைப் பற்றிய ஆய்வு அவருக்குத் தூண்டுகோல். இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வாய் என்று இளமையிலேயே ஒரு பெரியவரோடு வாய்விட்டுப் பேசிப் பழகியவர்கள் அவர்களிடையே இருந்தார்கள்.

சீன மரபுக்கு இது இரவல் சரக்கு அல்ல. அங்கே 'ஜியன்' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் அதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் இடித்துரைத்தல். தந்தை நியாயம் தவறினால் மகன் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று மகன் கடமையைப் பேசும் பழைய நூலே விதிக்கிறது. தாங் பேரரசன் தைசோங்கின் முகத்துக்கு நேரே குறை சொல்லிவந்த அமைச்சர் வெய் செங் 643இல் இறந்தார். என்னைக் காட்டிய கண்ணாடி போய்விட்டது என்று பேரரசன் கலங்கினான். அடக்கமும் விசுவாசமும் கற்பிக்கும் மரபுக்குள்ளேயே எதிர்த்துப் பேசும் கடமையும் இருக்கிறது. கன்ஃபூசிய மேற்கோள்களைத் தேர்வுத்தாளில் எழுதவைக்கும் பாடம் இந்தப் பகுதியையும் கற்பிக்க வேண்டும்.

வகுப்பில் பேசுவது வாழ்க்கையைத் தொடுமா என்ற ஐயம் நியாயமானது. இந்தத் துறையில் எச்சரிக்கையும் தேவை. படிவத்தின் மேற்பகுதியிலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று 2012இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு, தரவில் மோசடி தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நம்பிக்கைக்கும் இடமுண்டு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் 1,332 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதி இறைச்சி உண்பதன் அறம் பற்றிப் படித்து விவாதித்தது, மறு பாதி வேறு பொருளைப் பேசியது. பிறகு உணவக அட்டையின் கணக்கைப் பார்த்தார்கள். முதல் பாதியில் இறைச்சி வாங்கியது 52 விழுக்காட்டிலிருந்து 45ஆகக் குறைந்தது, மறு பாதியில் மாற்றமில்லை. 2020இல் வெளியான ஆய்வு இது. சிறிய மாற்றம்தான். ஆனால் வாயால் சொன்ன உறுதிமொழியை எண்ணவில்லை, கடையில் கை எடுத்ததை எண்ணினார்கள்.

ஆகவே ஷாங்காயிலும் பாஸ்டனிலும் ஒரே வகுப்பை நடத்திப் பார்க்கலாம். பொருள் சான்லு. நாள் 2008 ஆகஸ்ட் 2. மாணவர்கள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் நிறுவனத் தலைவர், ஒருவர் வெளிநாட்டுப் பங்காளியின் பிரதிநிதி, ஒருவர் தர ஆய்வாளர், ஒருவர் நகர அதிகாரி. யார் குற்றவாளி என்ற பேச்சுக்கு அனுமதி இல்லை. தர ஆய்வாளராக உட்கார்ந்தவர் ஆய்வக முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அலுவலகங்களில் எந்நாளும் கேட்கும் பதில்களைச் சொல்வார்கள். அளவு கொஞ்சம்தானே. மற்ற ஆலைகளிலும் இதுதானே நடக்கிறது. ஒலிம்பிக் முடியட்டும். மேலிடத்துக்குத் தெரியும், உனக்கு எதற்கு வம்பு.

முதல் தடவை அந்த மாணவரின் குரல் உள்ளே போகும். வார்த்தை தடுமாறும். ஆசிரியர் திருத்தமாட்டார், மறுபடியும் என்பார். இரண்டாம் தடவை அவர் யாரைத் துணைக்கு அழைக்கலாம் என்று யோசிப்பார். மூன்றாம் தடவை, வெளிநாட்டுப் பிரதிநிதியாக அமர்ந்த தோழியைப் பார்த்து, உங்கள் தூதரகத்தின் எண் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பார். வகுப்பு நிசப்தமாகும். 904 டன்னில் முதல் பை இன்னும் ஆலையை விட்டுக் கிளம்பவில்லை. தோழி கைபேசியை எடுக்கிறாள்.